எழுத்து உடையாமல் அசையட்டும்

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய தென்பெண்ணை ஆற்று இணையப் பக்கத்தைப் போனிலும் கணினியிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நந்தி மலையில் மெல்லிய நீலக் கோடாகப் புறப்படும் ஆறு, விரலால் தள்ளத் தள்ளக் கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி. அணை, நம்ம காவேரிப்பட்டினம், சாத்தனூர் என்று இறங்கிக் கடலூரில் கடலோடு சேர்கிறது. ஆற்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்ன இடத்தில், ஆற்றின் கூடவே ஆளை நடக்க வைக்கலாம் என்று உனக்குத் தோன்றியதே, அது எனக்குப் பெரிய சந்தோஷம். எப்படி இருக்கிறது அத்தை என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது, கண்ணு. ஓசூரில் திரை வடிவமைப்பு வேலையில் இருப்பவள் நான். எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன் பக்கத்தில் எனக்கு ஆகப் பிடித்த இடம் கெலவரப்பள்ளி. அணை வந்ததும் கோட்டின் ஓரத்தில் வெள்ளை நுரை கிளம்பித் திரையில் பாதியை மூடுகிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் வந்து சேர்வது இந்த ஆற்றில்தான். மதகு வழியாகத் தண்ணீர் விழும்போது நுரை மலைபோலப் பொங்கிக் காற்றில் பறப்பதை ஓசூர்ப் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. ‘ஆறு மாசடைந்திருக்கிறது’ என்று எழுதினால் கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். நுரை எழுந்து எழுத்தையே மறைக்கும்போது யாரும் தாண்டிப் போக முடியாது. அங்கே அசைவுதான் செய்தி.

அதே பக்கத்தில் காவேரிப்பட்டினம் வந்ததும் மாம்பழங்கள் மேலிருந்து விழுந்து துள்ளுகின்றன, நிப்பட்டு சுழல்கிறது, ஊர்ப்பெயர் எழுத்தெழுத்தாகப் பறந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. இவை எதையும் சொல்லவில்லை. செய்ய முடிகிறது என்பதற்காகச் செய்தவை. மாம்பழம் விழத்தான் வேண்டும் என்றால், பெங்களூரா என்று நாம் சொல்லும் தோத்தாபுரிப் பழம் கூழாவதைக் காட்டலாமே. கழுவி, தோலும் கொட்டையும் பிரிந்து, கூழாகி, சூடேறிக் கிருமி நீங்கி, காற்றுப் புகாத பையில் அடைபட்டு டிரம்முக்குள் போகிற ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அசைவு இருந்தால், மாங்கூழ் ஆலையை வெளியிலிருந்தே பார்த்துப் பழகிய நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அதன் உள்ளே நடப்பது தெரியும்.

நம்ம பக்கத்துத் தெருக்கூத்தை நினைத்துப் பார். ராஜா வேடம் சும்மா ஓடிவந்து மேடையில் நிற்பதில்லை. இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை ஒலிக்கும், பாட்டு எழும், கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும். வரப்போவது துரியோதனன் என்று கூட்டத்துக்கு உறைத்த பிறகுதான் திரை விலகும். வந்தவர் பேசத் தொடங்கியதும் ஆட்டம் அடங்கிவிடும், ஏனென்றால் இனி சொல் கேட்க வேண்டும். உன் பக்கத்தில் திரையும் விலகுகிறது, சலங்கையும் ஒலிக்கிறது, பேச்சும் நடக்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில். படிக்க வேண்டிய பத்தி வந்துவிட்டால் அதைச் சுற்றி எதுவும் அசையக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டாலே உன் பக்கத்தின் பாதி இரைச்சல் அடங்கிவிடும்.

இனி தொழிலுக்கு வருகிறேன். நீ பிறப்பதற்கு முன்பே இணையம் துள்ளிக் குதித்துக்கொண்டுதான் இருந்தது. காரணம் ஃபிளாஷ். ஜொனாதன் கேயின் ஃபியூச்சர்வேவ் நிறுவனம் 1996இல் ஓர் அனிமேஷன் மென்பொருளை வெளியிட்டது. அந்த ஆண்டின் இறுதியிலேயே மேக்ரோமீடியா அதை வாங்கி ஃபிளாஷ் என்று பெயர் வைத்தது. 2005இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. விளையாட்டு, பாடம், கார்ட்டூன், விளம்பரம் எல்லாம் அதில்தான் நடந்தன. 2007இல் வந்த ஐபோன் ஃபிளாஷைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பேட்டரியைத் தின்கிறது, பாதுகாப்பில் ஓட்டை இருக்கிறது, தொடுதிரைக்காகச் செய்ததில்லை, ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் வெளிப்படையாகவே எழுதினார். 2020 டிசம்பர் 31உடன் அடோபி அதைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயர் தன் கோப்புகளைத் தானே ஓட்ட மறுத்தது. உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்காகச் செய்த எத்தனையோ பாடங்கள் அன்றோடு இருண்டுபோயின. ரஃபிள் என்ற திறந்த மூல மென்பொருளும் இன்டர்நெட் ஆர்க்கைவும் சேர்ந்து ஒரு பகுதியை மீட்டிருக்கின்றன. இதை நீ மறக்கவே கூடாது. உன் ஆற்றுப் பக்கத்தில் ஊர்ப்பெயர்களைப் படத்துக்குள் வரைந்து வைத்திருக்கிறாய். அவை எழுத்தாகவே இருக்க வேண்டும். தேடினால் கிடைக்க வேண்டும், நகலெடுக்க வர வேண்டும், கண் தெரியாதவரின் போன் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எந்த அனிமேஷன் கருவி நாளை செத்தாலும் எழுத்து நிற்கும்.

ஃபிளாஷ் போன பிறகு அதன் வேலையைப் பிரவுசரே கற்றுக்கொண்டது. கடந்த சில ஆண்டுகளில் வந்த மாற்றங்களில் உனக்கு உடனே கைகொடுப்பது ஸ்க்ரோல் அனிமேஷன். 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ‘ஸ்னோ ஃபால்’ என்ற பனிச்சரிவுக் கட்டுரையை வெளியிட்டது. கீழே தள்ளத் தள்ளப் படமும் வரைபடமும் உயிர்பெறும் கதைசொல்லலை உலகத்துப் பத்திரிகைகள் அதைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டன. அப்போது அதைச் செய்ய ஒரு பெரிய குழு வேண்டியிருந்தது. 2023 ஜூலையில் வந்த குரோம் 115 இந்த வேலையைச் சில சிஎஸ்எஸ் வரிகளில் அடக்கிவிட்டது. 2025 செப்டம்பரில் சஃபாரி 26இலும் வந்தது. சாதாரண அனிமேஷன் நொடிக்கணக்கில் ஓடும். இதில் நொடிக்குப் பதிலாக உன் விரல். பாதித் தூரம் தள்ளினால் பாதி ஓடும், மேலே இழுத்தால் ஆறு பின்வாங்கும். நீ ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு அசைவுக்கும் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறாய். அந்தப் பகுதியை எடுத்துவிடலாம். எல்லாப் பிரவுசருக்கும் இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. வசதி இல்லாத பிரவுசரில் முழு ஆறும் அசையாத படமாகத் தெரியும்படி முதலில் எழுதிவிட்டு, வசதி இருக்கிறதா என்று கேட்டபின் அசைவைச் சேர்.

அடுத்தது வியூ டிரான்சிஷன். வரைபடத்தில் கே.ஆர்.பி. அணையின் சின்னப் படத்தைத் தொட்டால், அந்தப் படமே விரிந்து அடுத்த பக்கத்தின் பெரிய படமாகிறது. மாறுவதற்கு முந்தைய தோற்றத்தையும் மாறிய பிறகான தோற்றத்தையும் பிரவுசர் படம்பிடித்து, நீ வைத்த பெயரை அடையாளமாகக் கொண்டு ஒன்றை இன்னொன்றாக உருமாற்றுகிறது. ஒரே பக்கத்துக்குள் இது 2023 மார்ச்சில் குரோமில் வந்தது. ஒரு பக்கத்திலிருந்து வேறொரு பக்கத்துக்குத் தாவும்போதும் வேலை செய்யும்படி 2024 ஜூனில் விரிந்தது. ஒரே பக்கத்துக்குள் நடக்கும் மாற்றத்தில் சஃபாரி 2024 செப்டம்பரிலும் ஃபயர்ஃபாக்ஸ் 2025 அக்டோபரிலும் சேர்ந்துகொண்டன. இதன் பயன் அழகு மட்டும் என்று நினைக்காதே. தொட்ட படம்தான் இங்கே பெரிதாக நிற்கிறது என்று தெரிந்தால், திரைக்குப் பழகாத பெரியவர்களும் எங்கிருந்து எங்கே வந்தோம் என்று குழம்ப மாட்டார்கள்.

லாட்டி பற்றிக் கேட்டிருந்தாய். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் வரைந்த அசைவை வீடியோவாக மாற்றாமல், கோடும் வளைவும் எங்கே எப்போது நகர்கின்றன என்ற குறிப்பாக எழுதி வைக்கும் முறை அது. அதனால் கோப்பு சிறியது, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. ஹெர்னன் டொர்ரிசி செய்த பாடிமூவின் என்ற கருவியின் மேல் கட்டி 2017இல் ஏர்பிஎன்பி வெளியிட்டது. பெயர் லாட்டெ ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண்மணியின் நினைவாக வைத்தது. கறுப்புத் தாளை வெட்டி, நிழலுருவங்களை ஒவ்வொரு சட்டமாக நகர்த்தி, 1926இலேயே முழுநீள அனிமேஷன் படம் எடுத்தவர் அவர். நம்ம தோல்பாவைக் கூத்துக்காரர்கள் விளக்கொளியில் நிழலை ஆட்டுவதைப் பார்த்தவளுக்கு அவருடைய படம் அந்நியமாக இருக்காது. கட்டாயம் பார். லாட்டிக்கு அடுத்த படி ரைவ். தொட்டால் ஒன்று, விட்டால் ஒன்று, தவறாகச் செய்தால் இன்னொன்று என்று நிலைகளைக் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். டூயோலிங்கோ செயலியின் பொம்மைகள் அப்படித்தான் வாயசைக்கின்றன. முப்பரிமாணத்துக்கு த்ரீஜேஎஸ், அதற்கடியில் வெப்ஜிஎல், இப்போது அதைவிட வேகமான வெப்ஜிபியு. உன் ஆற்றுக்கு இவை தேவையே இல்லை, விட்டுவிடு. ஜிசாப் என்ற புகழ்பெற்ற அனிமேஷன் நூலகத்தை 2024இல் வெப்ஃபுளோ நிறுவனம் வாங்கி, 2025 ஏப்ரலில் காசு கேட்ட பகுதிகளையும் சேர்த்து முழுதையும் இலவசமாக்கிவிட்டது. ஊரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கும் பெண்ணுக்கும் பெங்களூர் ஸ்டூடியோவில் இருப்பவருக்கும் இன்று கையில் இருப்பது ஒரே கருவி.

ஆனால் அந்தக் கருவிகள் தமிழைத் தெரிந்துகொண்டு செய்யப்பட்டவை அல்ல. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

உன் தலைப்பில் ‘காவேரிப்பட்டினம்’ பறந்து வரும்போது நடுநடுவே புள்ளிகளாலான வட்டங்கள் தெரிகின்றனவே, கவனித்தாயா? நீ இயல்பாகக் கடந்து போயிருப்பாய், கடைசியில் எல்லாம் சேர்ந்துவிடுகிறதே என்று. அது கோளாறு. அந்தப் பெயரில் நாம் எண்ணும் எழுத்து ஒன்பது: கா, வே, ரி, ப், ப, ட், டி, ன, ம். யூனிகோடில் கணினி எண்ணுவது பதினாறு. ‘கா’ என்பது அதற்குக் ‘க’வும் துணைக்காலும். ‘வே’ என்பது ‘வ’வும் ஒற்றைக்கொம்பின் நீண்ட வடிவமும். மெய்யெழுத்துக்குப் புள்ளி தனி. ஆங்கிலத்துக்காக எழுதிய நிரல் ஒரு சொல்லைத் துண்டுபோடும்போது இந்தப் பதினாறையும் பதினாறு பெட்டியில் போட்டுத் தனித்தனியாகப் பறக்கவிடுகிறது. உடலை விட்டுப் பிரிந்த கொம்பும் காலும் தனியே நிற்க முடியாது. அதைக் காட்டத்தான் எழுத்துரு அந்தப் புள்ளி வட்டத்தைப் போடுகிறது. தட்டச்சு செய்வதுபோல ஒவ்வொன்றாகத் தோன்றும் அனிமேஷனிலும் இதே கதை. ‘வ’ வரும், அப்புறம் கொம்பு திடீரென்று அதற்கு முன்னால் குதிக்கும், படிக்கும் கண் தடுமாறும். ‘பு’, ‘கூ’ போன்றவற்றில் எழுத்தின் உருவமே பாதியில் மாறும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்டில்’ என்ற தொகுப்பின்கீழ் ‘செக்மென்ட்டர்’ என்று ஒன்று உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்தால், மனிதர் எழுத்து என்று எண்ணும் அலகுகளாகப் பிரித்துத் தரும். குரோமில் 2020இல் வந்தது, சஃபாரியில் 2021இல், ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில். இப்போது எல்லா முக்கியப் பிரவுசரிலும் இருக்கிறது. அதில் பிரித்தால் ‘காவேரிப்பட்டினம்’ சரியாக ஒன்பதாக வரும். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதே. ‘க்ஷ’வைக் கொடுத்துப் பார், ‘க்’ என்றும் ‘ஷ’ என்றும் இரண்டாகத்தான் தரும். ‘ஸ்ரீ’யும் அப்படியே ‘ஸ்’, ‘ரீ’ என்று உடையும். அந்த இரண்டையும் நீயே பிடித்து மறுபடி ஒட்ட வேண்டும். தேவநாகரிக்கும் தெலுங்குக்கும் கூட்டெழுத்து உடையாதிருக்க யூனிகோடு விதியிலேயே இடம் இருக்கிறது. தமிழில் பெரும்பாலும் மெய் தனியே நிற்பதால் அந்த விதி நமக்குப் பொருந்தாது. ஆகவே இந்தச் சிறுவேலை தமிழில் பக்கம் செய்கிறவர் தலையில் விழுகிறது.

இன்னும் இரண்டு மூன்று சங்கதிகள் இருக்கின்றன. எழுத்துகளைத் தனிப் பெட்டிகளாக்கினால் வரி எங்கே வேண்டுமானாலும் ஒடியும். சின்ன போனில் ‘காவேரிப்பட்டி’ ஒரு வரியிலும் ‘னம்’ அடுத்த வரியிலும் நிற்கும். நம் சொற்கள் நீளம் என்பதால் இது அடிக்கடி நடக்கும். முதலில் சொல்லை உடையாத ஒரு பெட்டிக்குள் வை, அதற்குள் எழுத்துப் பெட்டிகளை வை. ஒரு கோட்டுக்குக் கீழிருந்து எழுத்து எழும்பி வருகிற அனிமேஷன் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. அதில் வரியின் உயரத்தை ஆங்கில அளவில் வைத்தால் ‘ழு’, ‘று’, ‘ஞ’ ஆகியவற்றின் கீழ்ப்பகுதியும் ‘ரீ’யின் கொண்டையும் வெட்டுப்படும். உயரத்தைத் தாராளமாக வை. திரைவாசிப்பான் உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக உச்சரித்துக் கேட்பவரைக் கொல்லும். முழுப்பெயரை வெளிப்பெட்டியில் எழுதி, துண்டுகளை அதன் கண்ணில் படாமல் மறைத்துவிடு.

சரி, எழுத்து பறக்கத்தான் வேண்டுமா? என் கருத்தைக் கேட்டால், தமிழ் எழுத்துக்குத் துண்டுபோடுவதைவிட அழகான அசைவுகள் உண்டு. 2016இல் ஓப்பன்டைப் 1.8 வந்தபோது ஒரே எழுத்துருக் கோப்புக்குள் மெலிவிலிருந்து தடிப்பு வரை தொடர்ச்சியாக மாறும் வசதி கிடைத்தது. மும்பையின் ஏக் டைப் குழு 2022இல் வெளியிட்ட அநேக் தமிழ் அப்படிப்பட்டது. தடிமனும் மாறும், அகலமும் மாறும், விலையும் இல்லை. ஃபெஞ்சல் புயல் அடித்த 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்தார்கள். நீ அந்த எண்ணைச் சூதாட்ட இயந்திரம்போலச் சுழல விட்டிருக்கிறாய். அதை நிறுத்தி, ‘வெள்ளம்’ என்ற சொல் மெலிந்து தொடங்கி, விரல் தள்ளத் தள்ளப் பருத்து, திரையின் இரு கரையையும் தொடட்டும். ஆற்றுக் கோடும் கூடவே அகலட்டும். எழுத்து ஒன்றுகூட உடையாது.

எழுதிக் காட்டும் அனிமேஷன் இன்னொன்று. ‘அ’ எப்படி எழுதுவது என்று பிள்ளைக்குக் காட்ட எஸ்விஜி கோட்டை நீளவிட்டால் போதும். ஆனால் எழுத்துருவிலிருந்து எடுத்த உருவம் உதவாது, அதில் இருப்பது எழுத்தின் புறவிளிம்பு. அசையவிட்டால் எழுத்தைச் சுற்றி ஓரம் கட்டும், எழுதாது. பேனா போகிற நடுக்கோட்டை ஒவ்வொரு எழுத்துக்கும் கையால் வரைந்தாக வேண்டும். நம் மாநிலத்துப் பாடநூல்களில் 2018 முதல் விரைவுத் துலங்கல் குறியீடு அச்சாகிறது. பிள்ளையின் போன் வரை வழி போட்டாகிவிட்டது என்று அர்த்தம். அந்த வழியில் அனுப்ப, எழுதும் முறை பிசகாமல் 247 எழுத்தும் அசைகிற, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு தொகுப்பை நீயும் உன் தோழிகளும் செய்தால் எத்தனை ஆசிரியர்கள் வாழ்த்துவார்கள்!

அடுத்து, பாட்டியின் போன். உன் பக்கம் கல்லூரிக் கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஊரில் பாட்டி உட்படப் பாதிப்பேர் கையில் இருக்கும் விலை குறைந்த போனில் திக்கித் திணறுகிறது. திரை பொதுவாக நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு சட்டத்தைத் தயாரிக்க உனக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. அதற்குள் பிரவுசர் எது எங்கே என்று இடம் கணக்கிட்டு, வண்ணம் பூசி, அடுக்குகளைச் சேர்த்தாக வேண்டும். அகலம், உயரம், மேலிருந்து தூரம் ஆகியவற்றை அசைத்தால் மூன்று வேலையும் ஒவ்வொரு சட்டத்துக்கும் முதலிலிருந்து நடக்கும். டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி இரண்டை மட்டும் அசைத்தால் கடைசி வேலை மட்டும் போதும், அதையும் கிராஃபிக்ஸ் சில்லு பார்த்துக்கொள்ளும். ஆற்றுக் கோட்டை வரைந்துகொண்டே போவது வண்ணம் பூசும் வேலையைக் கூட்டும். ஆற்றை முழுதாக முதலிலேயே வரைந்துவிட்டு, மேலே மூடியிருக்கும் வெள்ளைப் பரப்பை டிரான்ஸ்ஃபார்மால் கீழே தள்ளு. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே, போனுக்குச் சுமை பலமடங்கு குறைவு. மேலே சொன்ன எழுத்துப் பருமன் மாற்றமும் சுமை தருவதுதான். அதனால் அதைப் பக்கத்துக்கு ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள். தொட்டபின் பதில் தெரிய 200 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்பது 2024 மார்ச்சிலிருந்து கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். விலை உயர்ந்த போனில் அளந்து திருப்திப்பட வேண்டாம்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது திரை பெரிதாகி விரிவதும் பின்னணி மிதப்பதும் பலருக்குத் தலைசுற்றலையும் குமட்டலையும் தந்தன. உள்காதில் சமநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு இது விளையாட்டில்லை, சில நிமிடம் பார்த்ததற்கு நாள் முழுக்கப் படுத்துவிடுவார்கள். ‘அசைவைக் குறை’ என்ற அமைப்பு அதற்காகவே போன்களில் இருக்கிறது. அதைப் போட்டிருக்கிறாரா என்று பக்கம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி 2017இல் சஃபாரியில் தொடங்கி இன்று எங்கும் உண்டு. கேள், ஆம் என்றால் ஆற்றை அசையாமல் காட்டு. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது என்பதும், தானாக ஐந்து நொடிக்கு மேல் ஓடுவதை நிறுத்தப் பொத்தான் வேண்டும் என்பதும் உலக அணுகல் விதி. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போனார்கள். திரையை எல்லோரும் பயன்படுத்த முடிவது நம் நாட்டிலும் சட்ட விஷயமாகிவிட்டது. வாடிக்கையாளரை அடையாளம் காணக் கண்ணைச் சிமிட்டச் சொல்லும் செயலிகள், அமிலவீச்சால் கண்ணிமை சிதைந்தவர்களை வெளியே தள்ளின. அந்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலை வாழ்வுரிமையின் பகுதி என்றே சொல்லிவிட்டது. ஒருவரிடம் திரை எதைச் செய்யச் சொல்கிறது என்பதை வடிவமைக்கிறவள் பொறுப்போடுதான் யோசிக்க வேண்டும்.

இதெல்லாம் படித்து எங்கே வேலை என்று என் அண்ணன் கேட்பார். பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஓசூரில் டிவிஎஸ் செய்யும் ஐக்யூப், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா செய்யும் மின் ஸ்கூட்டர், இரண்டிலும் முன்னால் ஒரு திரை. வண்டி ஓட்டுகிறவர் அதைப் பார்க்க ஒரு கணம்தான் கிடைக்கும். பேட்டரி குறைவதை எந்த அசைவில் சொன்னால் கண் சாலையை விட்டு விலகாது என்பது நீ ஆற்றில் பழகுகிற அதே பாடம். பக்கத்துக் கர்நாடகம் 2012இலேயே அனிமேஷனுக்கும் விளையாட்டுக்கும் தனிக்கொள்கை வகுத்தது. அந்த வேலைவாய்ப்புகள் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அனிமேஷன் நிரலை அதுவே எழுதித் தருகிறதே என்கிறாய். தரட்டும், வாங்கிக்கொள். தமிழ்ச் சொல் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்க்காமல் மட்டும் நம்பாதே. ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்துப் பழகிய நிரல், காவேரிப்பட்டினத்தைப் பதினாறாகத்தான் வெட்டும்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். நீ கையில் எடுக்கிற ஒவ்வொரு அனிமேஷன் நூலகத்திலும் முதலில் ‘காவேரிப்பட்டினம்’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘வெள்ளம்’ என்று போட்டுச் சோதி. எழுத்து உடைந்தால் திரையைப் படம் பிடித்து, எங்கே உடைகிறது, எப்படி இருந்திருக்க வேண்டும் என்று விளக்கி, அதைச் செய்தவர்களுக்கு எழுது. திறந்த மூலம் என்றால் திருத்தத்தையும் சேர்த்தே அனுப்பு. பெரும்பாலும் அவர்கள் வேண்டுமென்று விட்டதில்லை, தமிழில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆளாக நீ இரு. முதல் புகாரை இந்த மாதமே எழுது, நகலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை